பிரேக்கை நம்பாத வண்டி

நாற்பத்தொன்பது வயதில், கணினியில் கஷாயப் பொடி தேடப் போன நான், ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினேன். இடையில் குறுக்கிட்டது ஒரு கட்டுரை. கார்கள் வருடத்துக்கு வருடம் விலை இறங்கிப்போகும், பிக்கப் மட்டும் எத்தனை கை மாறினாலும் விலையில் அசையாது நிற்கும் என்று அதில் எழுதியிருந்தது. குன்னூரில் இரண்டு அறை வாடகை வீட்டில் எழுதிப் பிழைக்கிற ஒருத்திக்கு ஏற்றுவதற்கு என்ன சரக்கு இருக்கும்? ஏழு மாதத்தில் அந்த வண்டி சுமந்தது மூன்று அட்டைப்பெட்டிப் புத்தகங்களையும், பக்கத்து வீட்டுக்காரரின் வாஷிங் மிஷினையும்தான். பிறகு விற்கப் போனேன். வாங்க வந்தவர் நான் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஏனுங்க மேடம், எங்கியாவது படிச்சீங்களா?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார்.

படித்தது உண்மைதான். ஆனால் கட்டுரை பாவம், அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த வேதம் எனக்கு ஒன்பது வயதிலேயே மாமாவின் வாயால் ஓதப்பட்டிருந்தது. அந்த வேதத்தை ஒரு சனிக்கிழமை பரீட்சித்துப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது, பரீட்சையில் வேதம் தோற்றது மட்டும் எப்படியோ மறந்துவிட்டது.

அப்போது நாங்கள் இத்தலாரில் இருந்தோம். அப்பா சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து, ஊராரின் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கிக்கொண்டிருந்தார். அந்த வருடம் அக்காவுக்குக் கோயம்புத்தூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். இடம் போனால் அக்காவும் போய்விடுவாள், தாராபுரம் பக்கம் ஒரு வீட்டுக்கு மருமகளாக. ஜாதகம் அங்கே ஏற்கெனவே போயிருந்தது. வீட்டில் விற்கத்தக்கது என்று இருந்தது அந்தப் பிக்கப் ஒன்றுதான். அதை விற்றுவிட்டு இன்னொருவரின் லாரியை ஓட்டுவது என்று அப்பா முடிவெடுத்திருந்தார். முடிவெடுத்த நாளிலிருந்து வண்டியை அதிகமாகத் துடைத்தார்.

மாமா, அம்மாவின் தம்பி. பொள்ளாச்சியிலிருந்து வண்டித் தொழில் பழகவென்று வந்து தங்கியிருந்தவர். எந்த விஷயத்திலும் அனுபவம் நீங்கலாக மற்ற எல்லாம் அவரிடம் உண்டு.

"காரு வாங்குனா காசு கரையும் மச்சான். பிக்கப்பு அப்பிடியில்ல. பத்து வருசம் ஓட்டிப்போட்டு வித்தாலும் வாங்குன காசு அப்பிடியே வந்து நிக்கும். தங்கத்துக்கு அடுத்தது பிக்கப்பு."

"அப்ப நீயே வாங்கிக்க" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

"நான் பொதுவாச் சொன்னனுங்க்கா."

அந்தச் சனிக்கிழமை காலை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பின்சக்கரத்துக்கு இந்தப் பக்கம் கந்தல் துணியோடு நான் குந்தியிருந்தேன். அந்தப் பக்கம் அப்பாவும் மாமாவும். வாங்க வருகிறவருக்குத் தானே வண்டியை ஓட்டிக் காட்டுவதாக மாமா சொன்னார்.

"நீ வேண்டாம் மாப்ளே" என்றார் அப்பா. "பிரேக்க நம்பி எறங்கற ஆளு நீயி. பிரேக்க நம்புனா எமரால்டு அணையிலதான் போயி நிக்கோணும்."

என் கையிலிருந்த துணி நின்றுவிட்டது. எங்கள் வண்டிக்குப் பிரேக் இல்லை. இத்தனை நாள் அதில் ஏறி ஊட்டிக்குப் போயிருக்கிறோம், தேருக்குப் போயிருக்கிறோம், பிரேக் இல்லை. இப்போது அதை யாரோ ஒருவர் தலையில் கட்டப்போகிறார்கள். அப்பா பொய் சொல்ல மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேட்காததைச் சொல்லாமலிருப்பது பொய்யில் சேராது என்பது எங்கள் வீட்டில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட சட்டம். தேநீர்த்தூள் தீர்ந்ததை விருந்தாளி கிளம்பும்வரை சொல்லாதவள் அம்மா.

பத்து மணி வாக்கில், வண்டியை வாங்கவிருந்த காரமடைக்காரர் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, அதற்குமேல் யாரிடமோ இரவல் வாங்கிய கம்பளிக் கோட்டு, குளிரில் நீலம் பாய்ந்த உதடு. பழைய வண்டிகளை மலையில் வாங்கிக் கீழே விற்பது அவர் தொழில். பானெட்டைத் திறந்தார். ஆயிலைத் தொட்டு இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து மோந்தார். பின்பக்கத் தகட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போய், துருவேறிய ஓரிடத்தில் நின்றார்.

"கேரட்டுத் தண்ணி தின்னுருக்குதுங்களே."

"கேரட்டக் கழுவாம ஏத்துனா மண்டியில வாங்கறதில்லீங்க" என்றார் அப்பா.

"அது செரி. அதுக்கு நாந்தான் காசு குடுக்கோணுமாக்கு?"

பத்து மூட்டை உருளைக்கிழங்கை ஏற்றச் சொன்னார். எமரால்டு பக்கம் இறங்கித் திரும்ப ஏறிக் காட்ட வேண்டும் என்றார். அப்பா சாவியை எடுத்தார். அப்போதுதான் காரமடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்து, என்னைக் கண்டுபிடித்தார்.

"இந்த அம்மிணியும் வரட்டும். நடுவுல உக்காந்துக்கட்டும்."

"எதுக்குங்க?"

"நான் எங்க வண்டி பாத்தாலும் அப்பிடித்தானுங்க. பெத்த புள்ளைய ஏத்திக்கிட்டு ஓட்டிக் காட்டுனாத்தான் வண்டியோட யோக்கியம் தெரியும். ஏத்த யோசிச்சாங்கன்னா நான் அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவனுங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். யோசியுங்கள் அப்பா, ஒரு நிமிடம் யோசியுங்கள் என்று மனதுக்குள் கும்பிட்டேன். அவர் இமைகூட அசைக்காமல், "ஏறு கண்ணு" என்றார். அம்மா என் ஸ்வெட்டரின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுவிட்டாள். வாசலில் அக்கா நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பரீட்சைக்குப் போகிறவளை வழியனுப்புகிற சிரிப்பு. பரீட்சை அவளுடையது, எழுதப் போவது நான்.

கியர் தண்டு என் முழங்காலில் இடிக்க, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அங்கிருந்து அப்பாவின் கால்கள் நன்றாகத் தெரிந்தன. தெரியாமலிருந்திருக்கலாம்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் அப்பா செகண்ட் கியருக்கு மாற்றினார். வண்டி அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டது. பின்னால் பத்து மூட்டையும் முன்னால் நகர்ந்து தகட்டில் முட்டின. அப்பாவின் வலது கால் பிரேக்கின் மேல் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. முதல் வளைவில் வரவில்லை. இரண்டாவது வளைவில் சாலை காலுக்கடியில் இல்லாமல் போனதுபோல் இருந்தது, கண்ணாடி முழுக்க வெறும் மூடுபனி. அப்போதும் வரவில்லை. கால் பிரேக்குக்குப் பக்கத்தில், தரையில், விருந்துக்கு வந்தவன் கால் மாதிரி சும்மா இருந்தது.

மிதிக்கவில்லை என்றால், மிதித்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது வளைவில் மூடுபனி கிழிந்து, மிகவும் கீழே அணைத் தண்ணீர் தெரிந்தது. சாம்பல் நிறத்தில், அவசரமே இல்லாமல், எங்களுக்காகக் காத்திருந்தது. காரமடைக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். அப்பா ஏதோ சொன்னார். எஞ்சின் ஓலத்தில் இருவரின் வாய் அசைவதுதான் தெரிந்தது. நான் கணக்குப் போட்டேன். சொன்னால் அக்காவின் இடம் போகும், தாராபுரம் நிச்சயம். சொல்லாவிட்டால் மூன்று பேர் அணையில். நாங்கள் போனபிறகு அம்மாவும் அக்காவும் எதை விற்பார்கள்? இருந்த ஒரே வண்டியும் தண்ணீருக்குள். ஒன்பது வயதில் அதுவரை நான் போட்ட கணக்குகளில் சரியாக வந்தது அது ஒன்றுதான்.

எதிரே வளைவிலிருந்து பஸ் ஏறி வந்தது. முழுச்சாலையும் பஸ்ஸாக இருந்தது. அப்பா ஓரம் கட்டினார், என்னவோ செய்து ஃபர்ஸ்ட் கியருக்கு இறக்கினார், வண்டி அறுபடுகிற பன்றியைப் போல அலறியது, கால் மட்டும் அசையவில்லை. எங்கள் இடது சக்கரத்துக்கு அந்தப் பக்கம் புல்லின் நுனிகள் மட்டும் தெரிந்தன. புல்லுக்குக் கீழே எதுவும் இல்லை.

"பிரேக்கு புடிக்காதுங்க" என்று கத்தினேன். "அப்பா சொன்னாரு, பிரேக்கு புடிக்காதுங்க, எறங்கிக்குங்க."

வாக்கியம் முடிந்ததா என்று நிச்சயமில்லை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே காலையில் தின்ற மூன்று இட்லிகளும் வெளியே வந்து, காரமடைக்காரரின் வெள்ளை வேட்டியில் அமர்ந்தன.

வண்டி நின்றது. எப்படி நின்றது என்று ஆராயும் நிலையில் நான் இல்லை. அவர் இறங்கி, பாறையில் வழிந்த தண்ணீரில் வேட்டியை அலசினார். அப்பாவும் இறங்கிப் போனார். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். காரமடைக்காரர் பின்சக்கரத்தருகே குனிந்து, பிரேக் டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பவர் போல் வெகுநேரம் வைத்திருந்தார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஏதோ சொன்னார், விரல்களைக் காட்டினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என் அப்பா யார் முன்னாலும் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்தது என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து விலை பேசினார்கள். அப்பா கேட்டது நாற்பத்தைந்தாயிரம். அவர் முப்பத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை.

"மலை வண்டிங்க" என்றார். "கீழ எவனும் தொடமாட்டான். கிளட்ச்சு, கியருன்னு எனக்குக் கெடக்குது ஆயிரம் வேல."

"பிக்கப்புங்க" என்றார் மாமா. "வெல எறங்காதுங்க."

"தரையில ஓடுற பிக்கப்புக்கு எறங்காதுங்க தம்பி. மலையில இருந்து எறங்குனா வெலையும் கூடவே எறங்கும்."

நான் சொன்னதை எல்லோர் முன்பாகவும் போட்டு உடைக்காமல், மலை வண்டி என்று பூசி மெழுகுகிறாரே என்று அவருடைய பெருந்தன்மையில் எனக்குக் கண்ணீர் வந்தது. துண்டு விழுந்த பணத்துக்கு அம்மாவின் தோடு போயிற்று. மறுநாள் காதுத் துளை தூர்ந்துவிடாமலிருக்க விளக்குமாற்றுக் குச்சியைக் கிள்ளிச் செருகிக்கொண்டு அம்மா சமைத்தாள். திங்கட்கிழமை அக்கா பஸ் ஏறினாள். நான் கத்தியதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவே தகாத பெரிய குற்றம் என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன். அந்தக் குச்சியைப் பார்க்கும்போதெல்லாம் சோறு இறங்காது. போதாததற்கு, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் டீக்கடைப் பேப்பரை ஒரு மாதம் விடாமல் எழுத்துக்கூட்டிப் படித்தேன், பிரேக் பிடிக்காத பிக்கப் ஒன்று கல்லாறு வளைவில் உருண்ட செய்திக்காக. நான் செய்தித்தாள் படிக்கப் பழகியது அப்படித்தான். என் வாசக ஞானத்தை மெச்சுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இருபத்தேழு வயதில் ஊட்டியில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். முதல் நாள், முதல் இறக்கத்தில், கற்றுக்கொடுத்தவர் சொன்னார்: "பிரேக்க நம்பி எறங்காதீங்க மேடம். எந்தக் கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல எறங்குங்க. பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்குனா சூடாகி, வேணுங்கறப்ப புடிக்காது."

வண்டியை நடுச்சாலையில் நிறுத்திவிட்டேன். பின்னால் எவனோ ஹாரன் அடித்துத் திட்டியது ஏதோ தூரத்தில் கேட்டது. மலையில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவனும் இன்னொருவனுக்குச் சொல்கிற பால பாடம் அது. மாமாவுக்கு அப்பா சொன்னதும் அதையேதான். அன்றைக்கு நல்ல பிரேக்கை வைத்துக்கொண்டு அதைத் தொடாமல், பத்து மூட்டையோடு, வெறும் கியரிலேயே மலையை இறங்கிக் காட்டியிருக்கிறார். அதுவரைக்கும், குறைந்தபட்சம் உண்மையைச் சொன்னவள் என்ற ஆறுதலாவது எனக்கிருந்தது. அதுவும் போயிற்று. அவதூறு சொல்லி அம்மாவின் தோட்டை விற்கவைத்தவள் ஆனேன். இதை எப்படி வெளியில் சொல்வது? மேலும் இருபத்திரண்டு வருடம் சொல்லவில்லை.

போன வருடம் அக்கா தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றாள். வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, இனியும் தாங்காது என்று, எண்பத்து மூன்று வயது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஆரஞ்சுச் சுளையின் நாரை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ கத்துனியா? எப்ப?"

"பஸ் வந்தப்போ. பிரேக் பிடிக்காதுன்னு."

"அந்தச் சத்தத்துல எவனுக்கு என்ன கேக்கும்? ஏதோ ஊன்னு வந்துச்சு. வாந்திக்கு முன்னால வர்றதாக்கும்னு நெனச்சோம். அதுக்குத்தான வண்டிய நிறுத்துனேன்."

"அப்ப அவரு டிரம்மைத் தொட்டுப் பாத்துட்டுத் தலைய ஆட்டுனது?"

"ஐஸாட்ட இருக்குது, இப்பிடி எறக்கற ஆள நான் பாத்ததில்ல, எங்கிட்ட டிரைவரா வந்துருங்கன்னான். சம்பளத்த வெரல்ல காட்டுனான். எனக்கு வெக்கமாப் போச்சு." சுளையை வாயில் போட்டு, விதையைத் துப்பினார். "வெலையெல்லாம் அவன் காரமடையில பஸ் ஏறும்போதே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தான். உன்னால கொறஞ்சது வேட்டி தொவைக்கற காசு மட்டுந்தான். அம்பது கேட்டான், நான் முப்பதுதான் குடுத்தேன்."