அப்பல்லோ வாங்கிய நிகாயா

கிழவர் அகியோனின் முதுகில் பதினொரு ஆண்டுகளாக ஒரு புண்கூட வராமல் பார்த்துக்கொண்டதுதான் நிகாயா செய்த தப்பு என்று டெல்ஃபியில் ஊற்றடிப் பெண்கள் சொல்வார்கள். அவளுக்கும் அதில் பாதி சம்மதம்தான்.

நிகாயா அகியோன் வீட்டில் அடிமையாக இருந்தவள். சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியைக் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டாள். அடிமை தன்னைத் தானே வாங்க முடியாது என்பதால், ஊர் வழக்கப்படி அவளை அப்பல்லோவுக்கு விற்றார்கள். காசு அவளுடையது, வாங்கியவர் தெய்வம். சாட்சிகள் நின்றார்கள். கோயில் மதிலில் அவள் பெயரை வெட்டினார்கள். இனி அவள் யாருக்கும் அடிமை இல்லை என்று முதலில் எழுதியிருந்தது. அகியோன் உயிரோடு இருக்கும்வரை அவருடனே இருந்து சொன்ன வேலையெல்லாம் செய்ய வேண்டும், தவறினால் விற்பனை செல்லாது என்று அதற்கடுத்து எழுதியிருந்தது.

அன்றைக்கு அகியோனுக்கு எழுபது வயது. ஓயாமல் இருமுவார். இரண்டு குளிர்காலம் தாண்டினால் அதிசயம் என்று ஊரே பேசியது. நிகாயாவும் இரண்டு என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள்.

இப்போது அவருக்கு எண்பத்தொன்று. கால் இரண்டும் போய்விட்டன. தலை மட்டும் தெளிவு. அவளுக்கு ஐம்பத்து மூன்று. குனிந்தால் நிமிர நேரமாகிறது. ஆம்ஃபிஸாவில் ரொட்டி சுட்டு விற்கும் மகள் திமோ, நான்கு ஆண்டுகளாக ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்: எப்போ வருவே?

போன குளிரில் அகியோனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஊற்றடியில் பக்கத்து வீட்டு ஸோஸோ குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"இந்தத் தடவை விட்டுடுடி. ஒரு ராத்திரி போர்வையை மறந்துடு. யாரு கேக்கப் போறா?"

"போர்வையை மறந்தா உடனேவா போயிடுவாரு? ஒரு மாசம் இழுத்துட்டுக் கெடப்பாரு. அந்த ஒரு மாசமும் அள்ளிக் கொட்டறது நீயா நானா?"

"உன் கைராசிதான் உனக்கு எமன்."

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒழுங்கா செஞ்சா வேலை கம்மி. அவ்வளவுதான்."

ஒழுங்காகச் செய்தாள். தலையணை வைத்து உட்கார வைத்தாள், முதுகைத் தட்டிச் சளியை வெளியே கொண்டுவந்தாள். வசந்தத்தில் கிழவர் எழுந்து உட்கார்ந்து தத்துவம் பேசினார்.

அவர் இளமையில் ஏதென்ஸ் போய் மூன்று ஆண்டுகள் தத்துவம் படித்தவர். உடம்பு நம்முடையது இல்லை, மனம் மட்டுமே நம்முடையது. அடிமை, எஜமான் எல்லாம் வெறும் பெயர் என்பார். பெரும்பாலும் நிகாயா அவருக்குக் கால் கழுவிவிடும் நேரத்தில்தான் இதையெல்லாம் சொல்வார்.

ஒருநாள் காலை அவள் கஞ்சி கொண்டுபோனபோது கையை உயர்த்தித் தடுத்தார்.

"இனிமே எனக்குச் சாப்பாடு வேண்டாம். போதும்னு தெளிவாத் தெரிஞ்சா மனுஷன் தானா எழுந்து போகலாம். என் குருநாதர் அப்படித்தான் போனாரு. இது என் உத்தரவு."

"பசிக்கும் ஐயா."

"பசி உடம்போட சமாச்சாரம். நீ ஏன் முகத்தைத் தொங்கப் போடறே? நான் போயிட்டா நீ ஆம்ஃபிஸா போயிடலாமே."

நிகாயா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த அறையில் முதல்முறையாக முக்காலியில் உட்கார்ந்தாள். சொன்னதையெல்லாம் செய்ய வேண்டும் என்கிறது கோயில் மதில் கல். செய்தால் கிழவர் பத்து இருபது நாளில் போய்விடுவார். மறுநாளே மகன் அதாம்போஸ் வந்து, பட்டினி போட்டுக் கொன்றுவிட்டாள் என்பான். ஊரும் நம்பும், ஏனென்றால் அவர் செத்தால் லாபம் அவளுக்குத்தான். விற்பனை செல்லாமல் போகும். மறுபடி அடிமை, இந்த முறை அதாம்போஸுக்கு. உத்தரவை மீறி ஊட்டினாலும் கல்லை மீறியதாகும்.

"நீங்க போறதும் இருக்கறதும் உங்க இஷ்டம் ஐயா," என்றாள். "ஆனா முதல்ல என்னை விட்டுடுங்க. கோயிலுக்கு வந்து சாட்சி வெச்சுச் சொல்லுங்க. அப்புறம் சாப்பிடாம இருங்க."

"செத்தா தானாவே விடுதலைதானே?"

"அது உங்க நியாயம். உங்க மகன் போடப்போறது வழக்கு."

கிழவர் இருமலோடு சிரித்தார். "இத்தனை வருஷம் நான் சொன்ன பாடம் வீண் போகலை."

"நான் எங்க ஐயா பாடம் கேட்டேன்? உங்க மூத்திரச் சட்டியில்ல தூக்கிட்டு இருந்தேன்."

அதாம்போஸ் இரண்டு தெரு தள்ளி இருந்தான். ஐம்பத்தைந்து வயது ஆள். அப்பா அறைக்கு வந்தால் வாசலோடு நிற்பான். வாரிசு என்பதால் அவளை விடுவிக்க அவன் சம்மதமும் வேண்டும். இரண்டு நாள் இழுத்தடித்தான். கிழவரும் இரண்டு நாளும் தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லை.

"இவளை விட்டுட்டா உங்களை யாருப்பா பாத்துக்கறது?"

"எத்தனை நாளைக்கு? கொஞ்ச நாள். நீ பாரு."

"முடியாது."

"அப்போ என்னைத் தூக்கிட்டுப் போய்க் கோயில் பலிபீடத்துக்கிட்ட உக்கார வையின்னு யாரையாவது கூப்பிட்டுச் சொல்றேன். அங்கேயே பட்டினி கெடக்கேன்."

அதாம்போஸின் முகம் வெளுத்தது. தெய்வத்தின் எல்லைக்குள் பிணம் விழுந்தால் தீட்டு. யாத்திரைக்காரர்கள் திரும்பிப் போவார்கள், அந்தக் குடும்பத்தின் பெயரை ஊர் மூன்று தலைமுறைக்கு மறக்காது. "நாளைக்கே போலாம்," என்றான்.

மறுநாள் காலை நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறினார்கள். யாரோ வெளியூர்க்காரர் பலி கொடுத்திருந்தார். ஆட்டுத் தொடை தீயில் பொரிந்துகொண்டிருந்தது. பூசாரியும் மூன்று சாட்சிகளும் நிற்க, அகியோன் திடமான குரலில் சொன்னார்: "நிகாயாவை என்னோடு இருக்க வேண்டிய கடமையிலிருந்து விடுவிக்கிறேன். அவள் விரும்பிய இடத்துக்குப் போகலாம்." அதாம்போஸ் தரையைப் பார்த்து ஆமாம் என்றான். கல்லில் எழுத்து வெட்டுகிற ஆள் கரித்துண்டால் மதிலில் இடம் குறித்துக்கொண்டான். சடங்கு அவ்வளவுதான். தனக்கு அழுகை வரும் என்று நிகாயா நினைத்திருந்தாள். இடுப்புதான் வலித்தது.

கீழே இறங்கும்போது கிழவர் இரண்டு முறை தலையைத் திருப்பிப் பலிபீடத்தைப் பார்த்தார். வீட்டில் படுக்கையில் விட்டதும் தொண்டையைக் கனைத்தார்.

"நிகாயா, கொஞ்சம் கஞ்சி இருந்தா கொண்டா."

நிகாயாவும் அதாம்போஸும் அவரையே பார்த்தார்கள்.

"என்ன பாக்கறீங்க? சாப்பாடு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கெடைச்சா எடுத்துக்கறதுல தப்பில்லைன்னுதான் நாங்க படிச்சோம்."

நிகாயா சமையலறைக்குப் போனாள். பார்லி வெந்திருந்தது. கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து அதாம்போஸ் கையில் கொடுத்தாள்.

"நானா?"

"நீங்கதான். இப்படிப் பக்கத்துல உக்காருங்க. நின்னுக்கிட்டு ஊட்டினா அவரு அண்ணாந்து பார்ப்பாரு, புரையேறும். தாடை கீழே இருக்கணும். அரைக் கரண்டிதான். தொண்டை அசையுதான்னு பாருங்க. அசைஞ்சப்புறம் அடுத்தது."

முதல் கரண்டி தாடியில் போயிற்று. அவள் கை தானாகத் துணியை எடுத்தது. எடுத்ததை அவன் தோளில் போட்டாள்.

"மெதுவாடா," என்றார் கிழவர் வாயில் கஞ்சியோடு. "எனக்கு என்ன ஓடற வேலையா?"

இரண்டாவது கரண்டி உள்ளே போனது. மூன்றாவதும் போனது. நிகாயா அதுவரை நின்று பார்த்துவிட்டு, "வரேன் ஐயா," என்றாள். மாலையில் ஸோஸோ வந்து புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று செய்து காட்டுவாள், அதற்கு அவளுக்குக் கூலி கொடுங்கள் என்று அதாம்போஸிடம் சொல்லிவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டாள்.

ஆம்ஃபிஸாவுக்கு இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம் என்று நினைத்திருந்தாள். பாதி வழியில் முட்டி மறுத்துவிட்டது. சாலையோர ஒலிவ மரத்தடியில் மூட்டையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது வெயில் மலைக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள்.