படுக்கவைக்கக் கூடாத சேறு

சவுரியப்பனின் பிழைப்பு அடுத்தவர் கவிழ்வதில் இருக்கிறது. தொப்பூர் கணவாயில் கிரேன் ஓட்டுகிறார். எல்லா வண்டியும் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று ஞாயிறு பூசையில் மனதார வேண்டிக்கொள்வார். வேண்டுதல் பலிக்காததால் திங்கட்கிழமை வேலைக்குப் போவார். அவர் தூக்கி நிறுத்தியவர்கள் யாரும் பிறகு போன் செய்ததில்லை. அதில் தப்பொன்றும் இல்லை. கவிழ்ந்த இடத்தை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

போன சித்திரையில், பெங்களூரு போய்க்கொண்டிருந்த வேன் ஒன்று பிரேக் பிடிக்காத லாரிக்கு ஒதுங்கி ஓரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. வேனில் வந்தவர் அரூர் கோகிலவாணி. கடல் எட்டாத மாவட்டத்தில் பிறந்து, கடலும் ஆறும் கலக்கும் கழிமுகத்துச் சேற்றை ஆராய்கிறவர். தெற்கே ஒரு கழிமுகத்திலிருந்து இரண்டு குழாய் சேறு எடுத்து வந்தார். டயட்டம் என்ற நுண்பாசிகளின் கண்ணாடி ஓடுகள் அதில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் வாழ்வது ஒரு வகை, ஆலைக்கழிவைத் தாங்குவது வேறு வகை. எந்த அடுக்கில் எது கிடக்கிறது என்று பார்த்தால் தண்ணீர் எப்போது கெட்டது என்று சொல்லிவிடலாம். அடுக்கு கலைந்தால் அது வெறும் சேறு. மறுபடி எடுக்கவும் வழியில்லை. அங்கே தூர்வார ஆரம்பித்துவிட்டார்கள்.

போன் சிக்னல் தேடி அவர் மேட்டுக்குப் போன நேரத்தில் சவுரியப்பன் வந்தார். தூக்குவதற்கு முன் சரக்கை இறக்கிப் படுக்கவைப்பது கணவாய் வழக்கம். படுத்தது விழாதல்லவா? ஒரு குழாயைக் குழந்தையைப் போல ஏந்தி வந்து சாக்கின் மேல் கிடத்தினார்.

"ஐயோ அண்ணா! படுக்க வெக்காதீங்க!" என்று மேட்டிலிருந்து ஓடிவந்தார் கோகிலவாணி.

"சேறுதானம்மா, ஒடையவா போவுது?"

சாய்த்தால் ஈரச் சேறு சரிந்து அடுக்கு கலைந்துவிடும் என்று அவர் விளக்கிச் சொன்னதும் சவுரியப்பனின் முகம் விழுந்துவிட்டது. மேல்பாதி ஏற்கெனவே கூழாகச் சரிந்திருந்தது. மற்றொரு குழாய் வேனுக்குள் சாய்ந்தபடி நின்றது.

"அண்ணா, இதையாவது உங்க கொக்கியில தொங்க உடுங்க. தொங்கறது தானா நேரா நிக்கும்."

"அப்ப வேனை எதுல தூக்கறது?"

"வேன் கெடக்கட்டுங்கண்ணா. எனக்கு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்."

சவுரியப்பன் சாக்கில் கிடந்ததை ஒருமுறை பார்த்தார். பெல்ட்டை எடுத்துக் குழாயைக் கட்டினார். வெயிலுக்கு ஈரச் சாக்கையும் சுற்றினார். லாரிகளைத் தூக்கும் கிரேன் ஒரு முழங்கை தடிமன் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. பின்னால் வண்டிகள் அனுமார் வால்போல நீண்டன. காவலர் விசில் ஊதிக் களைத்தார்.

"என்னண்ணா, பொடலங்காயா?" என்றார் ஒரு லாரிக்காரர். "கோணிக்காம இருக்கக் கல்லு கட்டலியா?"

"நீ கவுந்தா உனக்குக் கட்டறன், போ!"

சவுரியப்பனின் மச்சான் மாது தருமபுரியிலிருந்து குட்டியானை வண்டியோடு வரும்வரை குழாய் தொங்கியது. பிறகு அப்படியே வண்டிக்குள் இறக்கி நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். படுத்திருந்ததையும் கோகிலவாணி விட்டுவிடாமல் ஏற்றிக்கொண்டார். வேனை அதற்குப் பிறகுதான் தூக்கினார்கள்.

ஆடியில் ஒருநாள், கவிழ்ந்த தக்காளி லாரிக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருக்கையில் சவுரியப்பனின் போன் அடித்தது.

"அண்ணா, கோகிலவாணிங்க. அடுக்கு கலையாம வந்துச்சுங்க. எல்லாம் எண்ணிப் பாத்தாச்சு. ரொம்ப நன்றிங்கண்ணா."

"நான் ஒண்ணப் படுக்க வெச்சுக் கெடுத்துட்டனேம்மா."

"அதுல அடிப்பாதி கெட்டியா இருந்துச்சு. அதுவும் ஒதவுச்சு."

"தண்ணி எப்பக் கெட்டுச்சாம்?"

"ஆலைங்க வந்த அடுக்குலருந்துதான். அதுக்குக் கீழ பாசி ஓடுங்க விதவிதமா இருக்குதுங்கண்ணா, அவ்வளவு அழகு."

"அப்ப முந்தி நல்லாத்தான் இருந்திருக்குது," என்றார். என்னவோ அவரே அந்தத் தண்ணீரைக் காத்து வைத்திருந்ததைப்போல நிம்மதி. சரிம்மா என்று வைத்துவிட்டார்.

சங்கிலியைப் பாதி மாட்டியவர் நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர் ஒருவருக்கு முதன்முறையாகத் தானே போன் போட்டார்.

"ரொம்ப நன்றிம்மா."

"நீங்க எதுக்குண்ணா நன்றி சொல்றீங்க?"

"போன் பண்ணீங்கல்ல, அதுக்கு."

தக்காளிக்காரர் பின்னாலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.