முறத்தில் திரும்பி வந்த குப்பை

எங்கள் வீட்டு மாடியில் ஒரு சீனர் குடியிருந்தார். திருப்பூர்க் கம்பெனி ஒன்று வாங்கிய நிட்டிங் மிஷின்களைப் பொருத்த வந்த மெக்கானிக். வேலை முடியாததால், தங்கள் வருடப் பிறப்புக்கு அவரால் ஊர் போக முடியவில்லை. அங்கே அவர் மனைவிக்கு நிறைமாதம். தலைப்பிரசவம்.

பண்டிகைக்கு முந்தின நாள் அறையைத் தானே கழுவினார். கதவில் சிவப்புத் தாள் ஒட்டினார். கத்தி, கத்தரிக்கோல், நகவெட்டி மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினார். துடைப்பத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை அவர் மொட்டை மாடியில் போனில் இருந்தார். நல்ல நாளில் வாசல் பெருக்காமல் கிடக்கக் கூடாதென்று என் மனைவி எங்கள் துடைப்பத்தோடு மேலே போனாள். அறையையும் படிகளையும் பெருக்கி, குப்பையை முறத்தில் அள்ளித் தெருமுனையில் கொட்டினாள். அவர் கதவுக்கு முன் கோலமும் போட்டாள்.

இறங்கி வந்தவர் கோலத்தைப் பார்த்தார். பிறகு துடைப்பத்தை. முகத்தில் ரத்தம் வற்றியது. போனில் ஏதோ சொன்னார், அதிலிருந்த மொழிபெயர்ப்புச் செயலி செய்தி வாசிப்பது போன்ற பெண்குரலில் அதைத் தமிழில் சொன்னது: "இன்று பெருக்கவோ வெட்டவோ கூடாது. அதிர்ஷ்டம் வெளியே சென்றுவிடும்." சற்று விட்டு, "என் மனைவி மருத்துவமனையில் இருக்கிறாள். குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது."

மூடநம்பிக்கை என்ற சொல் என் வாய்வரை வந்து நின்றது.

"வெளக்கு வெச்சா நாமளும் குப்பைய வெளிய கொட்டறதில்லையேங்க. அதேதானுங்க இது" என்று மனைவி முறத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். குப்பை வண்டி தெருமுனையைத் தாண்டி இரண்டு வீடு தள்ளி நின்றது.

"ஏனுங்க்கா, குப்பைய அள்ளறீங்க? கோலமாவு தீந்துபோச்சுங்களா?" என்று எதிர்வீட்டுப் பெண் சிரித்தாள். மனைவி தலை நிமிரவில்லை. கிடைத்ததை அள்ளி வந்து அவர் அறை மூலையில் வைத்தாள்.

"தெரியாமச் செஞ்சுபோட்டனுங்க, தம்பி."

அவர் தலையசைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் பூண்டியில் தெரு முழுக்கச் சிற்பக் கூடங்கள். உளி கல்லில் இறங்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள் அதிர்ந்தது. எங்கள் சமையலறையில் அரிவாள்மணையைக் காணோம். மனைவி ஒளித்து வைத்திருந்தாள். மதியம் வெறும் தயிர்ச்சோறு.

இரண்டு மணிக்குப் போன் வந்தது. பெண் குழந்தை. தாய் நலம். குழந்தை அழவில்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள்வரை குப்பை அறையைவிட்டுப் போகக் கூடாது என்றது பெண்குரல். தூசி பறக்காதிருக்க அவர் ஃபேன் போடவில்லை. தினமும் காலையில் மனைவி படியேறி, மூலையில் குப்பை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கினாள். பாதி வண்டியில் போயிருக்குமோ என்று இரண்டு முறை என்னிடம் கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

ஐந்தாம் நாள் அவர் போனை எங்கள் முன் நீட்டினார். பெட்டிக்குள் குழந்தை வாய்விட்டு அழுதுகொண்டிருந்தது. அவர் துடைப்பத்தை என் மனைவியிடம் கொடுக்கப் போனார்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்களே கூட்டுங்க, சாமி."