வேணாம் அண்ணன் பார்த்த வண்டி

என் அக்காவைக் கட்டிய அத்தானுக்கு எங்கள் வட்டாரத்தில் 'வேணாம் அண்ணன்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லித் தேடி வந்தால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார். பழைய கார் வாங்க நினைப்பவர்கள் காசு கொடுத்து அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் வண்டியைச் சுற்றி வருவார், கீழே படுப்பார், எழுந்து கையைத் துடைப்பார், "வேணாம்" என்பார். அவ்வளவுதான் தொழில்.

அவ்வளவுதான் என்று நான் சொல்வது வயிற்றெரிச்சலில். மனிதர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. அதிலும் குடும்பஸ்தர்கள் ஆசைப்படுகிற அந்த நடுத்தர எஸ்யூவி என்றால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. உயரமாக இருக்கும், ஆனால் லாரி மாதிரி ஆட்டாது. ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம், பின்னால் மூட்டை முடிச்சுக்கு இடம் இருக்கும். புதிதாக வாங்க நம்மால் ஆகாது. பத்து வருடப் பழையது என்றால் கைக்கு எட்டும். கைக்கு எட்டுவதால் ஏமாறுவதும் அதிலேதான் அதிகம்.

அத்தான் போனவுடன் முதலில் பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் என் காதருகே வந்து, "நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கான். ஆறிக் கெடந்தா ஸ்டார்ட் ஆகற லட்சணம் தெரிஞ்சிடும்ல" என்பார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவிப் பார்ப்பார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படித் தேய்த்துக் கழுவினாலும் பெல்ட்டின் உள்நுனியில் சேற்றுக் கறை நிற்குமாம். கதவு ரப்பரை இழுத்து உள்ளே வேறு நிறப் பெயின்ட் இருக்கிறதா என்று பார்ப்பார். கியர் எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்ப்பார். விற்கிறவர் சொல்வதை மட்டும் காதில் வாங்க மாட்டார். நான் கார் சீட்டுக்கு உறை தைப்பவன். அவர் பார்க்கும் வண்டியில் சீட் கிழிந்திருந்தால் எனக்கு வேலை கிடைக்கும் என்பதால் பாதி நாள் கூடவே போவேன்.

பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று விளங்கியது. "வாங்குங்க" என்று சொன்னால் நாளைக்கே வண்டி நடுரோட்டில் நிற்கும், வந்து சட்டையைப் பிடிப்பார்கள். "வேணாம்" என்றால் அந்தத் தொல்லை இல்லை. அந்த வண்டி எவனிடமோ போய்விடும்; நன்றாக ஓடியதா, பாதி வழியில் படுத்ததா என்று யாரும் வந்து சொல்லப் போவதில்லை. இருபது வருடத்தில் அவருடைய வேணாம் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. பொய்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. இதை ஒருமுறை அவரிடமே சொன்னேன். "நீ உன் தையலப் பாரு" என்றார்.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். ஊருக்கெல்லாம் கார் பார்ப்பவர் வீட்டில் இருந்தது ஒரு ஸ்கூட்டர். அத்தான், அக்கா, நடுவில் பெரியவள், முன்னால் நின்றபடி சின்னவள். பெண்கள் வளர்ந்த பிறகு அதுவும் முடியாமல், எங்கே போனாலும் இரண்டு நடையாகப் போய் வந்தார்கள். எல்லாரும் ஒன்றாக ஒரு வண்டியில் போக வேண்டும் என்பது அக்காவின் ஆசை. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாள். அதற்கென்று சேர்த்தும் வைத்திருந்தாள். அத்தானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒன்றும் அவர் கண்ணுக்குத் தேறவில்லை.

"என்னையும் இப்படித்தான் நாலு சுத்து சுத்தி வந்து பாத்தீங்களா?" என்று அக்கா கேட்பாள்.

"அப்ப நான் இந்தத் தொழிலுக்கு வரல."

"நல்லவேளை. வந்திருந்தா எனக்கு இன்னும் கல்யாணமே ஆயிருக்காது."

வீடே சிரிக்கும். அவரும்தான் சிரிப்பார்.

பிறகு அக்காவுக்கு இடுப்பில் வலி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கும் வேலை, அதனால்தான் என்று தைலம் தடவினோம். புற்று எலும்பில் இருந்தது. வேறெங்கோ கிளம்பி எலும்புக்கு வந்து சேர்ந்திருந்தது. மருத்துவர் அத்தானையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டு, ஒரு வருடம் என்றார். மருந்து நன்றாகக் கேட்டால் இன்னும் கொஞ்சம். அக்காவிடம் நாங்கள் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். மருத்துவமனைக் காகிதத்தையெல்லாம் தேதி வாரியாகக் கோத்து வைத்ததே அவள்தான்.

வாரம் இரண்டு நாள் மருத்துவமனை. கூப்பிட்டால் வருகிற வாடகைக் கார்கள் எல்லாம் சின்னவை, தரையோடு தரையாக இருப்பவை. உட்கார வேண்டுமானால் அவள் இடுப்பை மடக்கி உள்ளே இறங்க வேண்டும். எழ வேண்டுமானால் குழியிலிருந்து ஏறுவது போல ஏற வேண்டும். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நிற்பாள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். ஒருநாள் தலைமை ஆசிரியை தன் உயரமான வண்டியில் கொண்டுவந்து விட்டார். அந்த சீட் சரியாக இடுப்பு உயரத்தில் இருந்தது. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். பக்கவாட்டில் சாய்ந்து நகர்ந்தால் போதும். அக்கா அன்று வலிக்காமல் வீட்டுக்குள் வந்தாள். வந்ததும் அத்தானிடம், "இனிமே தள்ளிப் போடாதீங்க. எனக்கு அந்த மாதிரி ஒண்ணு வேணும்" என்றாள்.

தள்ளிப் போட்டார் என்று சொல்ல மாட்டேன். பேயாய் அலைந்தார். மூன்று மாதத்தில் பதினான்கு வண்டிகளைப் பார்த்தார். ஒன்றில் கிலோமீட்டரைத் திருத்தியிருந்தார்கள், ஒன்று முன்பக்கம் அடிபட்டு ஒட்டுப்போட்டது, ஒன்றில் குளிர்சாதனம் போட்டால் எஞ்சின் திணறியது. பதினான்குக்கும் வேணாம். பதினைந்தாவது, ஒரு பல் மருத்துவரின் சாம்பல் நிற வண்டி. பதினோரு வயது, வாங்கியதிலிருந்து ஒரே கையில் இருந்தது. இந்த முறை அக்கா தானும் வருவேன் என்று அடம் பிடித்து வந்தாள்.

அத்தான் வழக்கம்போல ஒன்றரை மணி நேரம் பார்த்தார். பானட் ஆறியிருந்தது, பெல்ட் சுத்தமாக இருந்தது, பெயின்ட்டும் கம்பெனியில் அடித்த பெயின்ட். அக்கா முன் சீட்டில் நகர்ந்து உட்கார்ந்தாள். சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டுக் கண்ணை மூடினாள். ஆறு மாதத்தில் அவள் முகம் அப்படித் தளர்ந்து நான் பார்க்கவில்லை. "இது போதும்" என்றாள்.

அத்தான் கீழேயிருந்து வெளியே வந்தார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் எண்ணெய் ஈரம். துணியால் துடைத்துவிட்டு, இருபது நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லி, மறுபடி படுத்துப் பார்த்தார். எண்ணெய் மெல்லிசாக வியர்த்திருந்தது.

"எண்ணெயத் தடுக்கற உள் சீல் போகப் போகுது. வேணாம்."

"எவ்வளவு நாள் வரும்?" என்று அக்கா கேட்டாள்.

"மிஞ்சிப் போனா ஒரு வருஷம். அப்புறம் கியர்பாக்ஸையே இறக்கணும்."

"ஒரு வருஷம் ஓடினா போதாதாங்க?"

நான் சீட்டின் தையலைத் தடவிக்கொண்டு குனிந்து நின்றேன். அத்தானுக்கு ஒன்றும் உறைத்ததாகத் தெரியவில்லை. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறு. நல்லதா வரும்" என்றார். அக்கா சரி என்று தலையாட்டினாள். இறங்க மட்டும் நேரம் எடுத்துக்கொண்டாள்.

நல்லதாக ஒன்றும் வரவில்லை. ஏழு மாதம் வாடகைக் காரில் போய் வந்தாள். கடைசி மாதத்தில் அந்தக் கதவருகே அவள் அழுததை நான் பார்த்தேன். பிறகு போகவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

எனக்கு அத்தான் மேல் வந்த கோபம் லேசுப்பட்டதல்ல. ஒரு மனுஷி தன் ஆயுசைச் சொல்லிக் கேட்கிறாள். இந்த ஆள் வண்டியின் ஆயுசைச் சொல்லிப் பதில் சொல்கிறாரே என்று மனம் கொதித்தது. பெண்களுக்காக அந்த வீட்டுக்குப் போனேன், வந்தேன். அவரிடம் தொழில் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. அவரும் வலிய வந்து பேசவில்லை. இப்படியே நான்கு வருடம் ஓடியது.

போன மாதம் ஒரு செவிலியரும் அவர் கணவரும் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரட்டைக் குழந்தைகள், நடக்க முடியாத மாமனார், எல்லாரும் போகிற மாதிரி ஒரு வண்டி. விற்கிறவர் இரும்புக் கடைக்காரர். ஷட்டரைத் தூக்கினார். உள்ளே அதே சாம்பல் நிறம், அதே நம்பர்.

அத்தான் பானட்டில் கை வைக்கவில்லை, பெல்ட்டை உருவவில்லை. நேராகக் கீழே படுத்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. செருப்புக் காலிரண்டும் அசையாமல் கிடந்தன. நான் கிலோமீட்டரைப் பார்த்தேன். அன்று பார்த்ததைவிட எழுபதாயிரம் கூடியிருந்தது.

கீழேயிருந்தே கேட்டார். "இந்த சீல மாத்துனீங்களா?"

"எதுக்கு?" என்று கடைக்காரர் சிரித்தார். "எனக்கு முன்னாடி எவனோ ஒரு மேதாவி வந்து பாத்துட்டு, இது ஒரு வருஷம்தான் வரும்னு பல் டாக்டர பயமுறுத்திட்டுப் போயிட்டானாம். அதனால எனக்குச் சல்லிசா கெடச்சுது. நாலு வருஷமா ஓட்டறேன், ஒரு சொட்டு கீழ விழுந்ததில்ல. அந்தப் புண்ணியவானுக்குக் கோடி கும்பிடு."

செவிலியரும் சிரித்தார். அத்தான் வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதுகெல்லாம் மண். தட்டிவிடவும் தோன்றவில்லை அவருக்கு.

"என்ன சொல்றீங்க? வாங்கலாமா?" என்று செவிலியர் கேட்டார்.

"எனக்குத் தெரியலம்மா."

"இருபது வருஷமா இதே வேலைதான் பாக்கறீங்கன்னு சொன்னாங்களே!"

நான்தான், "வாங்குங்கம்மா. நல்ல வண்டி" என்றேன். கூலி வாங்காமல் இருவரும் நடந்தோம்.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தோம். இந்த நாளுக்காக நான் நான்கு வருடம் காத்திருந்தேன், பொய் சொல்லவில்லை. 'பாத்தீங்களா உங்க லட்சணத்த' என்று கேட்க நாக்கு நுனியில் வார்த்தை இருந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தபின் கேட்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகு மண்ணைத் தட்டிவிட்டேன்.

"அன்னிக்கு அவ என்ன கேட்டான்னு உனக்குப் புரிஞ்சுதா?" என்றார்.

"புரிஞ்சுது அத்தான்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. புரிந்தும் வாயைத் திறக்காமல் தையலைத் தடவிக்கொண்டு நின்றவன் நான். அவருக்குப் புரியவில்லை என்று அவரை வெறுத்தேன். எனக்குப் புரிந்ததை வசதியாக மறந்துவிட்டேன்.

"எனக்கும் புரிஞ்சுதுடா" என்றார். இரண்டு பேருந்துகள் வந்து போயின. அவர் எழுந்திருக்கவில்லை.

"ஒரு வருஷம் ஓடுற வண்டிய அவளுக்கு நான் எப்படிடா வாங்குவேன்?"