தொடாமல் டாக்டர் ஆவது எப்படி

இன்று வண்ணார்பேட்டையிலிருந்து குதிரை வண்டியில் வந்தேன். எதிரே நிலபுலன் உள்ள அண்ணாச்சி ஒருவர். முதுகில் கட்டி, அதனால் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் வாத்தியார் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார்.

"மகனைப் பட்டணத்துக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்புதேன் வே. அங்கன பிணத்தை அறுக்கச் சொல்லுதாவளாம். தீட்டுல்லா?"

"அறுக்காம எப்படி அண்ணாச்சி படிக்கது?"

"தொட்டு அறுக்க வேலைக்காரனைக் கூட அனுப்புதேன். இவன் தள்ளி நின்னு பார்த்துக்கிடட்டும்."

வண்டி குலுங்கியது.

"ஐயோ, முதுகு! கட்டியைக் கீற நல்ல டாக்டர் யாரு வே?"

"தொட்டுப் படிச்சவரா, தள்ளி நின்னு படிச்சவரா?"

அண்ணாச்சி வண்டிக்காரன் பக்கம் திரும்பி, "மெதுவா ஓட்டும் வே!" என்று எரிந்து விழுந்தார்.

மகன் பட்டம் வாங்கி வந்ததும் முதல் நோயாளியாக அண்ணாச்சியையே படுக்க வைக்கலாம் என்பது என் யோசனை. உங்கள் யோசனை என்ன?