சாப்பாட்டு ஜெபம்

டீச்சரம்மாவுக்கு ஓய்வென்றால் என்னவென்றே தெரியாது என்று சபையார் பெருமையடித்துக்கொள்வார்கள். தெரியாமல் என்ன, நன்றாகவே தெரியும். யாரும் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். கடல் தாண்டி இந்த ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து காலையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு, சாயங்காலம் கோயிலில் பாடகர் குழுவுக்குப் பயிற்சி, இடையில் பெண்கள் கூட்டம், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைப் பார்த்து ஜெபம் பண்ணுவது, ஞாயிறு பள்ளி. போதகர் வெளியூர் போனால் கோயில் சாவியும் அவள் இடுப்பில்தான் தொங்கும். பீடத்து விரிப்பை வேறு யாராவது இஸ்திரி போட்டால் அவளுக்கு மனசு ஆறாது, மறுபடி ஒருமுறை தானே போட்டுவிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பேர் உண்டு. புதிதாகச் சேரும் குழந்தைகள் அவள் வகுப்பில் அழாது. அதற்கு அவள் வைத்திருந்த வழி ரொம்ப எளிது. தாய்மார் யாரும் வாசலில் நிற்கக் கூடாது. குழந்தையின் கையை வாங்கின மறுநிமிஷம் கேட்டைச் சாத்திவிடுவாள். "நீங்க நின்னாத்தான் அது அழும். போங்க, போய்க்கிட்டே இருங்க" என்பாள். அம்மாக்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். குழந்தைகள் கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்துவிட்டு அடங்கிப்போகும். மற்ற டீச்சர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

அவள் கணவர் அதே பள்ளிக்கூடத்தில் பெரிய பையன்களுக்குத் தச்சு வேலை சொல்லிக்கொடுப்பவர். பேச்சு குறைவு. பேசினால் எதிரே இருப்பவருக்குச் சிரிப்பு வரும், அவருக்கு வராது.

அவர்களுக்கு ஒரே மகள். மகள் அவர்களோடு இல்லை. அந்த மிஷனில் வழக்கமே அப்படி. வெளிநாட்டுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைச் சொந்த நாட்டில் மிஷன் நடத்தும் விடுதியில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அங்கே இருக்கும் பிள்ளைகள் எல்லாமே அப்படி விடப்பட்டவர்கள்தான். மகளைக் கொண்டுபோய் விட்ட அன்று அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. "அழக் கூடாது, என்ன? அம்மா ஆண்டவருக்கு வேலை செய்யப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள் டீச்சரம்மா. குழந்தை அழவில்லை. பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு எந்தக் கோயிலில் சாட்சி சொல்லக் கூப்பிட்டாலும் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டாள். "என் மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை" என்று அவள் சொல்லும்போது சபையில் பாதிப் பேர் கண்ணைத் துடைப்பார்கள். கேட்கிறவனுக்கு வயிறு எரியும். அவளுக்கு அப்போது எரியவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. எரிய ஆரம்பித்தது பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாக, ஊரார் பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பின்னிவிடும் நேரங்களில்.

அதனால்தான் மிஷன் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கும் பெரிய வகுப்புகள் வேண்டும் என்று கமிட்டியில் தலைகீழாக நின்றாள். இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள் என்று வாதாடினாள். அது பொய்யில்லை. ஆனால் அடிவயிற்றில் இருந்த காரணம் வேறு. கமிட்டிக்காரர்கள் அவள் நச்சரிப்புத் தாங்காமல் தலையாட்டியதும், வீட்டுக்கு வந்து கணவரிடம், "கட்டில் ஒண்ணு செய்யுங்க" என்றாள். அவர் யாருக்கு என்று கேட்கவில்லை. கட்டிலும் செய்தார், படிக்கிற மேசையும் செய்தார். கிழிந்த பாட்டுப் புத்தகங்களும் வாசிக்க வராத ஆர்மோனியமும் அடைத்துக் கிடந்த அறையை இருவருமாகக் காலி செய்தார்கள்.

பெரிய விடுமுறைக்கு மகள் வந்தாள். அம்மாவைவிட உயரமாகிவிட்டாள். அம்மா அறைக்குள் வந்தால் சட்டென்று எழுந்து நின்றாள். குளிக்கப் போக அனுமதி கேட்டாள். தட்டில் ஒரு பருக்கை விடாமல் அவசரமாகச் சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்து என்ன வேலை என்று காத்து நின்றாள். புதுக் கட்டிலில் ஒரு ஓரமாகச் சுருண்டு படுத்தாள், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டதுபோல.

பக்கத்து வீட்டுத் தையல்காரி வேலியோரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உங்க பொண்ணா? புதுசா வந்த உதவி டீச்சர்னு நெனச்சேன். உங்களைப் பாத்தா இந்த நடுங்கு நடுங்குதே."

"மரியாதை தெரிஞ்ச பொண்ணு" என்றாள் டீச்சரம்மா. சொன்னாளே தவிர, அன்று பூராவும் அவளுக்கு எதுவும் ஓடவில்லை.

ஒருநாள் மகளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்த் துணி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள். இருவரும் செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது பாடகர் குழுவிலிருந்து ஆள் வந்து, தன் அப்பா போய்விட்டார், அடக்கத்துக்குப் பாட வேண்டும் என்று நின்றார். டீச்சரம்மா மகள் முகத்தைப் பார்த்தாள்.

"பரவால்லம்மா, ஊழியம்தானே முக்கியம்" என்றாள் மகள். பாடத்தை ஒப்பிப்பது மாதிரி சொன்னாள். பாடம் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான், யாரை நோவது?

விடுமுறை தீரப்போகிறது. இங்கேயே இருப்பதானால் வார்டனம்மாவுக்கு உடனே சொல்லியாக வேண்டும், விடுதி இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். அன்று சாயங்காலம் டீச்சரம்மா எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று ஆள் அனுப்பிவிட்டுச் சமைத்தாள். விளக்கேற்றிச் சாப்பிட உட்கார்ந்ததும், வழக்கமாக ஜெபிக்கும் கணவர் மகளைப் பார்த்து, "இன்னைக்கு நீ ஜெபம் பண்ணும்மா" என்றார்.

மகள் எழுந்து நின்று கண்களை மூடிக் கைகளைக் கோத்துக்கொண்டாள். கடகடவென்று சொன்னாள்:

"அன்புள்ள ஆண்டவரே, இந்த உணவுக்காக ஸ்தோத்திரம். எங்கள் வார்டனம்மாவை ஆசீர்வதியும். தூர தேசத்தில் உமக்கு ஊழியம் செய்கிற எங்கள் அம்மா அப்பாவைக் காத்துக்கொள்ளும். அவர்கள் எங்களை நினைத்துக் கவலைப்படாமல் இருக்கக் கிருபை தாரும். ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. மகள் கண்ணைத் திறந்து இருவர் முகத்தையும் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. முகம் சிவந்துபோயிற்று.

"வாய்ப் பழக்கம்ப்பா. விடுதியில தினமும் சொல்றதுதானே, அதான்."

"நல்ல ஜெபம்தான்மா. தூரமாத்தானே இருக்கோம்" என்றார் தச்சு வாத்தியார். இந்த முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

டீச்சரம்மா சோற்றைப் பரிமாறினாள். பரிமாறி முடித்ததும் கேட்டேவிட்டாள்.

"நீ இங்கயே இருந்துடறியா? இங்கயே படிக்கலாம். எல்லா வகுப்பும் வந்தாச்சு."

மகள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க இருன்னு சொன்னா இருக்கேம்மா."

"நான் சொல்றது கெடக்கட்டும். உனக்கு எப்படி?"

மகள் தட்டை ஓரமாக நகர்த்தினாள். "அங்க புதுசா விட்டுட்டுப் போற சின்னப் பிள்ளைங்க இருக்கும்மா. ராத்திரியானா அழும். எழுந்து என் கட்டிலுக்குத்தான் வரும்."

"வார்டனம்மாகிட்ட போகாதா?"

"அவங்க அழக் கூடாதுன்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். அழுது முடிக்கிற வரைக்கும் கூடவே இருப்பேன்."

டீச்சரம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷமும் கேட்காமல் விட்டதை இப்போது கேட்டாள். "நீ அன்னைக்கு அழுதியா?"

"நீங்க போனப்புறம் அழுதேம்மா" என்றாள் மகள், சமாதானம் சொல்வதுபோல. "நீங்க அழக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அதான் நீங்க போற வரைக்கும் அழல."

இருடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகள் இருந்திருப்பாள். மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டாள். எழுந்து நின்று, அனுமதி கேட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து, படிப்பு முடியும்வரை அந்த வீட்டில் நல்ல பிள்ளையாக இருந்திருப்பாள். அது டீச்சரம்மாவுக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் அந்த வார்த்தையை விழுங்கினாள். விழுங்கியது இறங்கவில்லை. அன்று அவள் சாப்பிடவும் இல்லை.

மகள் போய்விட்டாள். துறைமுகத்துக்குப் போகும் பேருந்தில் ஏறும்போதும் அழவில்லை. டீச்சரம்மா வண்டி மறையும்வரை நின்றாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. புதுக் குழந்தைகள் வந்தார்கள். முதலில் வந்த பெண் தன் சின்ன மகளின் கையை டீச்சரம்மாவிடம் கொடுத்துவிட்டு, "அழக் கூடாது, டீச்சரம்மா திட்டுவாங்க" என்று சொல்லிக்கொண்டே வழக்கம் தெரிந்தவளாகத் திரும்பி நடந்தாள். குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

"போகாதீங்க" என்றாள் டீச்சரம்மா.

அந்தப் பெண் என்னவோ ஏதோ என்று திரும்பினாள்.

"கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போங்க. அது அழட்டும்."

அன்று கேட்டைச் சாத்தவில்லை. வந்த அம்மாக்களெல்லாம் உள்ளேயே நின்றார்கள். ஒரு குழந்தை ஆரம்பிக்க, அத்தனையும் அழுதன. தச்சுப் பட்டறையிலிருந்து அவள் கணவர்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நேரம் ஆக ஆகக் குழந்தைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு விளையாடப் போய்விட்டன. டீச்சரம்மாதான் அழுது ஓயவில்லை.