அவன் போனதும் பெய்த ஜப்பான் மழை

இன்று திருச்சுழி பஸ்ஸில் வாக்மேனில் ஜப்பானியப் பாட்டு கேட்டுக்கொண்டு போனேன்.

"என்ன தாயி சொல்றா பாட்டுல?" என்றார், இயர்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்த பக்கத்து சீட்டு அக்கா.

கேசட் அட்டையில் அர்த்தம் போட்டிருந்தது. "அவன் விட்டுட்டுப் போன நாள்லருந்து மழை விடவே இல்லையாம்க்கா. அழுகுறா."

"மழைதான் பெய்யுதுல்ல? பெறகு எதுக்கு அழுகுறா, கூறுகெட்டவ!"

"மழைன்னு அவ கண்ணீரைத்தான் சொல்றாக்கா."

அக்கா ஜன்னலுக்கு வெளியே வாடிக் கிடந்த பருத்தியைக் காட்டினார். "அதை இதுககிட்டப் போயிச் சொல்லு."

முன்சீட்டுப் பெரியவர் திரும்பினார். "ஏத்தா, அந்தப் பய நம்ம பக்கம் ஒருதரம் வந்துட்டுப் போவானா?"

பஸ்ஸே சிரித்தது. சிரித்த சிரிப்பில் என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

நண்பர்களே, யாரையாவது பிரிவதாக இருந்தால், தயவுசெய்து திருச்சுழிக்கு வந்து பிரியுங்கள்.